மயிலிக்கு ஒரு துணை: வீட்டுக்கு இரண்டாவது நாய் வரும்போது

(ஒலிப்பதிவில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை மாற்றவில்லை.)



ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிற வீட்டுக்கு இன்னொரு நாயைக் கொண்டுவந்து சேர்க்கிறது எப்படி? இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறேன். கேட்கும்போது சின்ன விசயம் மாதிரித்தான் தெரியும். "குட்டிதானே, விட்டுட்டா ரெண்டு நாள்ல பழகிரும்"னு எல்லாரும் சொல்வாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த நினைப்புக்கு விலையா ஒரு குட்டியோட தொடையில ஏழு தையல் போட்டாங்க. நான் கைக்கட்டோட நாலு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதனால இதை நிபுணரா இருந்து சொல்லல, தப்பு பண்ணினவளா இருந்து சொல்றேன்.

எங்க ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்துல ஒரு கரிசல் கிராமம். நான் டவுன்ல வேலை பார்க்கிறேன். அம்மா மட்டும் ஊர்ல இருக்காங்க. பத்துப் பன்னிரண்டு ஆடு, கொஞ்சம் காடு, காவலுக்கு நாய். அப்பா இருந்த காலத்துல இருந்தே எங்க வீட்டுல கன்னி நாய்தான்.

முதல்ல இந்த நாய்களைப் பத்தி

கேட்கிறவங்கள்ல வெளியூர்க்காரங்க இருப்பீங்க, அதனால சுருக்கமா சொல்லிர்றேன். சிப்பிப்பாறைங்கிறது விருதுநகர் மாவட்டத்துல இருக்கிற ஒரு ஊர். அந்த ஊர்ப் பேருதான் நாய்க்கும். கன்னின்னு சொல்றதும் இதே கரிசல் நாய்தான். ரெண்டும் தனித்தனி இனம்னு சொல்றவங்க உண்டு, ஒரே இனத்துல நிறம் மட்டும் வேறன்னு சொல்றவங்களும் உண்டு. கருப்பு உடம்புல புருவத்துலயும் காலுலயும் செம்மண் நிறம் இருந்தா கருங்கன்னி, பால் நிறத்துல இருந்தா பால்கன்னி. ஒடுங்குன இடுப்பு, நீளமான மூஞ்சி, நீளமான காலு. கண்ணால பார்த்து, ஓடி விரட்டுற வேட்டை நாய் வகை. கர்னால்ல இருக்கிற தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் பதிவு பண்ணியிருக்கிற நாய் இனங்கள்ல ராஜபாளையம், முதோல் கூட சிப்பிப்பாறையும் ஒண்ணு. 2020 ஆகஸ்ட் கடைசியில பிரதமர் வானொலியில நாட்டு நாய்களைப் பத்திப் பேசும்போது சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை பேரை எல்லாம் சொன்னாரு. அதுக்கப்புறம் எங்க பக்கத்துக்கும் குட்டி கேட்டு எங்கெங்கெல்லாமோ இருந்து போன் வர ஆரம்பிச்சது.

இந்த இனத்தைப் பத்தி மூணு விசயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. நான் சொல்லப்போற எல்லாத்துக்கும் அது வேணும்.

ஒண்ணு, இதுங்க தோல் ரொம்ப மெல்லிசு. ரோமம் குட்டை, தோலுக்கு அடியில கொழுப்பே கிடையாது. வேற நாயா இருந்தா பல்லு பட்ட தடம் மட்டும் தெரியிற இடத்துல, இதுக்குத் துணி கிழிஞ்ச மாதிரி கிழிஞ்சிரும். "நாய்னா சண்டை போடத்தான் செய்யும், அதுகளே தீர்த்துக்கிரும்"ங்கிற பேச்சு இந்த நாய்க்குச் சரிப்படாது.

ரெண்டு, ஓடுற எதைப் பார்த்தாலும் விரட்டத் தோணும். அது கெட்ட குணம் இல்ல, தலைமுறை தலைமுறையா அதுக்காகவே வளர்த்த நாய். முயல் வேட்டையை 1972-ஆம் வருசத்து வனவிலங்குச் சட்டம் தடுத்திருக்கு, அது சரிதான். ஆனா சட்டம் வந்ததால நாயோட ரத்தத்துல இருக்கிற ஓட்டம் போயிராதுல்ல? சின்னக் குட்டி ஒண்ணு கீச்சுன்னு கத்திக்கிட்டு ஓடுனா, பெரிய நாய்க்கு ஒரு நொடி அது குட்டியாத் தெரியாது.

மூணு, வால். இதுங்க சும்மா நிக்கும்போதே வால் கீழதான் தொங்கும். அதைப் பார்த்து "பயந்துருச்சு, அடங்கிருச்சு"ன்னு முடிவு பண்ணிராதீங்க. வாலை விட்டுட்டு கண்ணையும் கழுத்தையும் பாருங்க.

வீரன் போன பிறகு

எங்க வீட்டுல ரெண்டு நாய் இருந்துச்சு. வீரன், மயிலி. வீரன் அப்பா வளர்த்தது. போன பங்குனியில உண்ணிக் காய்ச்சல் வந்து செத்துப்போச்சு. உண்ணி கடிச்சு ரத்தத்துல கிருமி ஏறுற அந்த நோய் எங்க ஊர் வெயில் காலத்துல ரொம்பச் சாதாரணம். மூக்குல ரத்தம் வந்த அப்புறம்தான் எங்களுக்குப் புரிஞ்சது. அதுக்குள்ள நேரம் கடந்துருச்சு.

மயிலிக்கு அப்ப எட்டு வயசு. வீரன் படுத்திருந்த வேப்பமரத்தடிக்குப் போய் மோந்து பார்க்கும், அப்படியே நிக்கும், திரும்பி வந்துரும். சோத்துச் சட்டியில பாதி அப்படியே கிடக்கும். ராத்திரி ஆள் நடமாட்டத்துக்குக் கூடக் குரைக்கல. அம்மா போன்ல, "இதுவும் ரொம்ப நாளைக்கு இருக்காது தாயி"ன்னாங்க. அவங்க மயிலியைப் பத்தி மட்டும் பேசலன்னு எனக்குத் தெரியும். அந்த வீட்டுல அப்பாவை அறிஞ்ச ஒரே ஜீவன் இப்ப அதுதான்.

அதனால நான் ஒரு குட்டி வாங்கினேன். இப்ப யோசிச்சா, அது மயிலிக்காகவா, அம்மாவுக்காகவா, இல்ல என் மனசு ஆறுறதுக்காகவான்னு சரியாச் சொல்லத் தெரியல. துணையை இழந்த நாய்க்கு உடனே இன்னொரு நாயைக் கொண்டுவந்து விட்டா சரியாயிரும்னு நாம நினைக்கிறோம். அதுக்கு அந்த நேரத்துல வேண்டியது பழைய நேரத்துக்குச் சோறு, பழைய நேரத்துக்கு நடை, பக்கத்துல ஒரு ஆள். இன்னொரு நாயை நாய்க்காக வாங்காதீங்க. அதுங்க ரெண்டும் கடைசி வரைக்கும் ஒட்டாமலே போனாலும், ரெண்டையும் தனித்தனியா வச்சுக் காப்பாத்த முடியுமான்னு உங்களையே கேட்டுக்கிட்டு, முடியும்னா வாங்குங்க. எனக்கு அந்தக் கேள்வி அன்னைக்குத் தோணல.

அந்த ஒரு சாயங்காலம்

ஆனி மாசம். குட்டிக்கு ஒன்பது வாரம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக்கூடாதுன்னு 2017-லயே விதி வந்திருக்கு, அதை மட்டும் கவனமாப் பார்த்து வாங்கினேன். அக்கா மக அதுக்குக் கடலைன்னு பேர் வச்சா. கோவில்பட்டின்னா கடலை மிட்டாய்தானே, வேற என்ன பேர் வரும்!

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். குட்டியைக் கூடையோட கொண்டுபோய் நேரா முத்தத்துல இறக்கி விட்டேன். மயிலி தொழுவத்துப் பக்கம் சங்கிலியில இருந்துச்சு. "மயிலி, இங்க பாரு யாரு வந்திருக்கான்னு"ன்னேன். மயிலி எந்திரிச்சு நின்னு பார்த்துச்சு. உடம்பு கம்பு மாதிரி விறைச்சிருந்தது. நான் அதை ஆசைன்னு நினைச்சேன். தொண்டையில இருந்து மெதுவா ஒரு உறுமல் வந்துச்சு. அம்மா "ச்சீ, சும்மா கிட"ன்னு அதட்டினாங்க. உறுமல் நின்னுருச்சு. நாங்க சரியாயிருச்சுன்னு நினைச்சோம்.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கறி எடுத்திருந்தோம். மயிலி முன்னாடி எலும்பு கிடந்துச்சு. குட்டிக்கு என்ன தெரியும், வாசம் பிடிச்சு நேரா அங்க ஓடுச்சு. அவ்வளவுதான். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. குட்டியோட தொடை கிழிஞ்சு சதை தெரியுது. நான் நடுவுல கையை விட்டேன், என் கையிலயும் பல்லு இறங்குச்சு.

இந்த இடத்துல ஒரு விசயம். நாய்ச் சண்டைக்கு நடுவுல கையை விடாதீங்க. வாளித் தண்ணியை ஊத்துங்க, பலகையோ நாற்காலியோ கிடைச்சா நடுவுல தள்ளுங்க, ரெண்டு பேர் இருந்தா ஆளுக்கொரு நாயோட பின்னங்காலைப் பிடிச்சுப் பின்னால இழுங்க. கடி பட்டா, நம்ம வீட்டு நாய், ஊசி போட்ட நாய்னு சாக்குச் சொல்லாம, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிசம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. முதல் நாள், அப்புறம் 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள்னு ஊசி எனக்குப் போட்டாங்க. மஞ்சள் வைக்கிறது, சுண்ணாம்பு வைக்கிறது எல்லாம் வேணாம்.

அந்த ராத்திரி கால்நடை டாக்டர் குட்டிக்குத் தையல் போட்டாரு. போடும்போது ஒண்ணு சொன்னாரு. இந்த ஒடிசல் வேட்டை நாய்களுக்குச் சில மயக்க மருந்து உடம்புல இருந்து இறங்க ரொம்ப நேரம் ஆகும், அதனால எந்த டாக்டர்கிட்டப் போனாலும் இது என்ன வகை நாய்னு முதல்லயே சொல்லிருங்கன்னாரு. இதையும் குறிச்சு வச்சுக்கோங்க.

வீட்டுக்குத் திரும்பி வந்தா, மயிலி மூலையில சுருண்டு கிடக்கு. யாரையும் நிமிர்ந்து பார்க்கல. பக்கத்து வீட்டு மாமா, "மனுசக் கையைக் கடிச்ச நாயை வைக்காதீக, எங்கயாவது கொண்டுபோய் விட்டுருங்க"ன்னாரு. அம்மா அழுதாங்க. எட்டு வருசம் ஒரு ஈ எறும்பைக் கடிக்காத நாய். அதுமேல பழி வந்ததுக்குக் காரணம் நான்.

அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்த விசயம்

ஊர்ல ஒரு பெரியவர் இருக்காரு. சின்ன வயசுல இருந்தே நாயோட திரிஞ்சவரு. மறுநாள் வந்து எல்லாத்தையும் கேட்டாரு. கேட்டுட்டுச் சிரிச்சாரு.

"ஏ தாயி, வந்த அன்னைக்கே மருமக சாவிக்கொத்தைக் கேட்டா மாமியா சும்மா இருப்பாளா? அதுலயும் மாமியாளக் கட்டிப் போட்டுட்டு!"

அப்புறம் அம்மா பக்கம் திரும்பினாரு. "எட்டயபுரம் சந்தையில ஆடு வாங்கியாந்தா நீ என்ன பண்ணுவ?"

அம்மா, "தனியா அடைப்போம்"னாங்க.

"எதுக்கு?"

"சீக்கு கீக்கு இருந்தா மத்ததுக்கு ஒட்டிரும்ல. அதுபோக, புது வாடை. பழைய ஆடெல்லாம் முட்டித் தள்ளிரும். படலுக்கு அந்தப் பக்கம் நாலு நாள் கிடந்தா வாடை பழகிரும், அப்புறம் சேர்த்து மேய்ச்சலுக்கு விடுவோம்."

"ஆட்டுல கன்னியாட்டுக்குத் தெரிஞ்ச நியாயம் நாயில கன்னி நாய்க்கு இல்லையாக்கும்?"

எனக்கு அந்த இடத்துல மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில இருந்து வர்ற ஆட்டுக்கு எங்க வீட்டுல ஒரு முறை இருக்கு. நாய்க்கு மட்டும் அன்பு இருந்தாப் போதும்னு நினைச்சிருக்கோம்.

இரண்டாவது தடவை: படிப்படியா

கடலையை நான் டவுனுக்குக் கொண்டுபோயிட்டேன். தையல் ஆறணும், ஊசி அட்டவணையும் முடியணும். குட்டிகளுக்கு ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள முதல் தடுப்பூசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணு, நாலு மாசம் ஆகிற வரைக்கும். மூணு மாசத்துல வெறிநாய்க்கடி ஊசி. புதுசா வர்ற எந்த நாயையும் முதல் ரெண்டு வாரம் தனியா வைக்கணும். பார்வோங்கிற ரத்தக் கழிச்சல் வந்தா நாலஞ்சு நாள்ல குட்டி போயிரும், கிருமி மண்ணுல மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். முதல் தடவை நான் இந்த ரெண்டு வாரத்தைக் கூடப் பார்க்கல. கடி படலைன்னாலும் நோய் ஒட்டியிருக்கலாம். நல்ல வேளை, தப்பிச்சோம்.

ஆடி பிறந்ததும் ஆரம்பிச்சோம்.

முதல் படி, சாக்கு. கடலை படுத்த கோணிச் சாக்கை நான் வாரத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குக் கொண்டுபோவேன், மயிலி படுத்த சாக்கை இங்க கொண்டுவருவேன். மயிலி சோத்துச் சட்டிக்குக் கொஞ்சம் தள்ளி அந்தச் சாக்கை அம்மா போடுவாங்க. முதல் நாள் மோந்து பார்த்துட்டு முடியெல்லாம் சிலிர்த்து நின்னுச்சு. நாலாவது சாக்குக்கு ஒரு மோப்பம் மட்டும் பிடிச்சிட்டுச் சாப்பிடப் போயிருச்சு. அம்மா அதைப் பெரிய சேதியா போன்ல சொன்னாங்க. நாய்க்கு மூக்குதான் முதல் அறிமுகம். முகம் அப்புறம்தான்.

ரெண்டாவது படி, படல். கடலையை ஊருக்குக் கொண்டுவந்து, தொழுவத்துல பருத்திமார்ப் படல் கட்டி அந்தப் பக்கம் விட்டோம். ரெண்டுக்கும் பார்க்க முடியும், தொட முடியாது. சாப்பாடு ஒரே நேரத்துல. முதல்ல ரெண்டு சட்டிக்கும் நடுவுல இருபது அடி. ரெண்டும் நிம்மதியாச் சாப்பிட்டா மறுநாள் ஒரு அடி கிட்ட. எது ஒண்ணாவது சாப்பிடுறதை நிறுத்தி முறைச்சுப் பார்த்தா மறுபடி ரெண்டு அடி தள்ளி. இதுக்கு எங்களுக்குப் பதினோரு நாள் ஆச்சு. உங்களுக்கு மூணு நாளும் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம். நாளை எண்ணாதீங்க, சட்டியைப் பாருங்க.

மூணாவது படி, நடை. இது ரொம்ப முக்கியம். முதல் சந்திப்பு வீட்டுல வேணாம். வீடு பழைய நாயோட எல்லை. ரெண்டுக்கும் சொந்தமில்லாத இடம் வேணும். ஆடியில கண்மாய் வறண்டு கிடக்கும்ல, அங்க போனோம். கருவேல முள்ளு இல்லாத கரைப் பக்கமாப் பார்த்துக்கிட்டோம். காலையில ஆறரைக்குள்ள போயிரணும். வெயில் ஏறுனா நாய்க்கும் மனுசனுக்கும் பொறுமை போயிரும். அம்மா மயிலியைப் பிடிச்சாங்க, நான் கடலையை. நடுவுல முப்பது அடி விட்டு, ஒரே திசையில, பக்கம் பக்கமா நடந்தோம். எதிர் எதிரா வரக்கூடாது. நாய் உலகத்துல நேருக்கு நேர் வர்றது மரியாதைக் குறைவு. பக்கவாட்டுல ஒண்ணா நடந்துக்கிட்டே இருந்தா, ஒண்ணா ஒரு வேலைக்குப் போற மாதிரி ஆயிரும்.

கயிறு தொய்வா இருக்கணும். இது எங்க ஊர்க்காரங்களுக்கு முக்கியமாச் சொல்றேன். நாம நாயைச் சங்கிலியில கட்டிப் போட்டே வளர்க்கிறோம். கட்டிப் போட்ட நாய்க்கு விலகிப் போக வழி கிடையாது. விலகிப் போக முடியாதப்ப மிச்சம் இருக்கிற வழி கடிக்கிறதுதான். அன்னைக்கு மயிலிக்கு நான் அந்த வழியை மட்டும்தான் விட்டு வச்சிருந்தேன். கயிற்றை இறுக்கிப் பிடிச்சாலும் அதே கதைதான். நம்ம பயம் கயிறு வழியா நாய்க்குப் போயிரும்.

நாலாவது நாள் மயிலி தானாவே கடலை மூத்திரம் போன இடத்துக்குப் போய் மோந்துச்சு. கடலையும் வந்து மோந்துச்சு. ஆறாவது நாள், கயிற்றைக் கீழ விட்டு இழுபட விட்டு, அஞ்சு நிமிசம். மயிலி அதைச் சுத்தி வந்து பின்பக்கம் மோந்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. நாய் மூஞ்சியைத் திருப்பினா கோபம்னு நினைக்காதீங்க. "எனக்கு உன்கூடச் சண்டை இல்ல"ன்னு அர்த்தம். கொட்டாவி விடுறது, உதட்டை நக்குறது எல்லாம் "கொஞ்சம் பொறு"ங்கிறது. முன்னங்காலை மடிச்சுக் குண்டியைத் தூக்கினா விளையாடக் கூப்பிடுது. உடம்பு விறைச்சு, இமைக்காம முறைச்சா, அந்த நிமிசமே நடையைக் கட்டிருங்க.

உறுமலை அடக்காதீங்க

இதைத் தனியாச் சொல்லணும். உறுமல் நாயோட பேச்சு. "கிட்ட வராத"ங்குது. நாம அதட்டினாலோ அடிச்சாலோ, அதுக்கு இருக்கிற வெறுப்பு போயிராது, பேச்சு மட்டும்தான் போயிரும். அடுத்த தடவை பேசாமலே கடிக்கும். அன்னைக்கு அம்மா அதட்டினதும் மயிலி வாயை மூடிக்கிச்சு, குட்டிக்கு எச்சரிக்கை கிடைக்காமப் போச்சு. இப்ப மயிலி உறுமினா நாங்க "சரிம்மா"ன்னு சொல்லிட்டு, கடலையைக் கூப்பிட்டு நகர்த்திருவோம். தான் சொன்னதைக் கேட்கிறாங்கன்னு தெரிஞ்ச நாய்க்குக் கடிக்க வேண்டிய தேவை வர்றதில்ல.

வீட்டுக்குள்ள வந்த பிறகு

ஆடிக் கடைசியில கண்மாயில இருந்து நாலு பேரும் ஒண்ணாவே நடந்து வீட்டுக்குள்ள வந்தோம். அதுக்கு முன்னாடி முத்தத்துல கிடந்த எலும்பு, சட்டி, சாக்கு எல்லாத்தையும் எடுத்துட்டோம். தண்ணிச் சட்டி மட்டும் ரெண்டு, ரெண்டு மூலையில. வெயில் ஊருல ஒரே தண்ணிச் சட்டி வச்சா அதுவே சண்டைக்குக் காரணமாயிரும்.

சாப்பாடு இன்னைக்கு வரைக்கும் தனித்தனி. முதல்ல மயிலிக்கு வைக்கணும், அப்புறம் கடலைக்கு. எலும்பு கொடுத்தா நடுவுல கதவு. ராத்திரி முதல் ஆறு வாரம் படலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்தான். ஆள் இல்லாத நேரத்துல சேர்த்து விடவே இல்ல. குட்டிக்குப் பல்லு முளைக்கிற நேரம், எல்லாத்தையும் கடிக்கும், வயசான நாயோட காதைப் பிடிச்சுத் தொங்கும். அதனால மயிலிக்குன்னு குட்டி ஏற முடியாத ஒரு இடம் வேணும். திண்ணையில ஒரு பக்கம் விட்டோம். அங்க மயிலி படுத்திருந்தா யாரும் தொந்தரவு பண்ணக்கூடாது, நாங்க உட்பட.

முன்னாடி மயிலிக்குத் தினமும் எவ்வளவு நேரம் கொடுத்தாங்களோ, அதை அம்மா ஒரு நிமிசம் கூடக் குறைக்கல. புதுசா வந்தது தன் பங்கைப் பிடுங்க வரலன்னு பழசுக்குத் தெரியணும். குட்டி வந்தா அம்மா கையில இருந்து ஏதாவது நல்லது கிடைக்கும்னு தெரிஞ்சா இன்னும் நல்லது.

நாள் பார்க்கிறதும் உண்டு. ராகு காலத்தைச் சொல்லல. தீபாவளியை ஒட்டிப் புது நாயைக் கொண்டுவராதீங்க. எங்க வட்டாரம் பட்டாசுக்கே பேர் போனது. வெடிச் சத்தத்துல பயந்து கிடக்கிற நாய்க்குப் பக்கத்துல புது நாயை விட்டா, ரெண்டு பயமும் அதுக்கு ஒண்ணாயிரும்.

மத்த பிராணிகளுக்கும்

இந்த முறை நாய்க்கு மட்டும் இல்ல. முயல் வளர்க்கிறவங்களுக்கும் இதே வரிசைதான்: வாடை, கம்பிக்கு அந்தப் பக்கம், பொது இடம், அப்புறம்தான் ஒரே கூண்டு. இப்ப நகரங்கள்ல சிலர் சின்சில்லா வளர்க்கிறாங்க. தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலைக் குளிர்ல வாழ்ற, மெத்து மெத்துன்னு ரோமம் உள்ள கொறிக்கும் பிராணி. அதுக்கும் கூண்டுக்குப் பக்கத்துல கூண்டு வச்சு, சாம்பல் மாதிரி இருக்கிற அதோட குளியல் மண்ணை மாத்தி மாத்திக் கொடுத்து, ரெண்டு வாடையும் கலந்த பிறகுதான் சேர்க்கிறாங்க. எங்க சாக்கு மாதிரித்தான். ஆனா அது 25 டிகிரிக்கு மேல போனாலே தவிச்சுப் போயிரும். 40 டிகிரியைத் தொடுற எங்க ஊருக்கு அந்த ஜீவன் வேணாங்க, பாவம். இந்த மண்ணுக்குன்னு இருக்கிற ஜீவனை வளர்ப்போம்.

இப்ப எப்படி இருக்காங்க

முடிக்கிறதுக்கு முன்னாடி உண்மையைச் சொல்லிர்றேன். மயிலியும் கடலையும் கட்டிப் பிடிச்சுத் தூங்குற ஜோடி இல்ல. படம் எடுத்துப் போடுற மாதிரி எதுவும் நடக்கல. மயிலி அதுகூட விளையாடினதை நான் மூணு தடவைதான் பார்த்திருக்கேன். பல நேரம் அது ஒரு மூலை, இது ஒரு மூலை. எனக்கு முதல்ல அது வருத்தமா இருந்துச்சு. அந்தப் பெரியவர்தான், "ஒண்ணையொண்ணு பொறுத்துக்கிட்டா போதும் தாயி, நம்ம வீடுகள்ல அதுவே நடக்க மாட்டேங்குது"ன்னாரு. சிரிச்சுட்டேன். உண்மைதானே.

எவ்வளவு பண்ணியும் ஒட்டாத நாய்களும் உண்டு. ரெண்டும் பெட்டையா இருந்தா, இல்ல ரெண்டும் கடுவனா இருந்தா, இன்னும் சிரமம். கருத்தடை பண்ணினா சில நேரம் குறையும், எல்லா நேரமும் இல்ல. ரத்தம் வர்ற சண்டை திரும்பத் திரும்ப வந்தா, தனித்தனியா வைக்கிறதோ, ஒண்ணுக்கு வேற நல்ல வீடு பார்க்கிறதோ தோல்வி இல்ல. ரோட்டுல கொண்டுபோய் விடுறதுதான் தோல்வி.

போன ஐப்பசியில முதல் பெரிய மழை பெய்ஞ்ச அன்னைக்கு நான் ஊர்ல இருந்தேன். கரிசல் மண்ணு நனைஞ்சா எப்படி ஒட்டும்னு உங்களுக்குத் தெரியும், வாசல்ல கால் வைக்க முடியாது. முத்தமெல்லாம் தண்ணி. மயிலி திண்ணையில அதோட இடத்துல படுத்திருந்துச்சு. கடலை நனைஞ்சுபோய் கீழ நின்னு மேல பார்த்துச்சு. ஏறல. அந்த இடம் யாருதுன்னு அதுக்கு இப்பத் தெரியும். நானும் அம்மாவும் மூச்சு விடாமப் பார்த்துக்கிட்டு இருந்தோம். மயிலி தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துச்சு. உறுமல. கொஞ்சம் நகர்ந்து படுத்துச்சு. கடலை ஓரமா ஏறிச் சுருண்டு படுத்துக்கிச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழம் இடம் இருந்துச்சு.

அம்மா எந்திரிச்சுப் போய் வீரனோட பழைய சாக்கை எடுத்துட்டு வந்து, அந்த ஒரு முழ இடத்துல போட்டாங்க. ஒண்ணும் சொல்லல.

மயிலி இப்பச் சட்டியைக் காலி பண்ணிருது. ராத்திரி ஆள் வந்தா முதல்ல குரைக்கிறது கடலை, ஆனா அது மயிலியைத் திரும்பிப் பார்த்துட்டுத்தான் குரைக்குதுன்னு அம்மா சொல்றாங்க. அம்மாவுக்கும் போன்ல பேச நிறைய சேதி இருக்கு.

உங்க வீட்டுலயும் இப்படி ரெண்டு ஜீவனைச் சேர்க்கிற யோசனை இருந்தா, முதல்ல ரெண்டு சாக்கு எடுத்து வைங்க. அவசரப்படாதீங்க. அடுத்த தடவை உண்ணிக் காய்ச்சலைப் பத்திப் பேசுவோம், வீரன் கதையை முழுசாச் சொல்றேன். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி உங்க நாயோட காது மடல், விரல் இடுக்கு ரெண்டையும் ஒரு தடவை பார்த்து வச்சிருங்க.